மாப்பிள்ளை காரின் கண்ணாடி

கீறல் இரண்டு விரல் நீளம்தான். தெய்வநாயகம் அதைப் பார்த்தது பிள்ளையார் கோயில் வாசலில் கிளட்சை விட்டு, மேளம் முன்னால் நகர்ந்து, சூறைத் தேங்காயின் சில்லு டயருக்கடியில் நொறுங்கிய பிறகு, அதாவது இனிமேல் நிறுத்தவும் முடியாது இறங்கவும் முடியாது என்று ஆன பிறகு. முன்கண்ணாடியின் கீழ் மூலையில், ஸ்டியரிங் பக்கம், ரப்பர் பட்டைக்குள்ளிருந்து கிளம்பி மேலே பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு இழை. முடி என்றுதான் முதலில் நினைத்தார். காலையில் மரகதம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து கண்ணாடிக்குக் குங்குமம் வைத்தாளே, அவள் முடியாக இருக்கும், அவள் முடியிலிருந்து இந்த வீட்டில் சோறும் தப்பியதில்லை குழம்பும் தப்பியதில்லை, கண்ணாடி மட்டும் தப்புமா என்று விரலால் ஒதுக்கினார். ஒதுங்கவில்லை. நகத்தால் வருடிப் பார்த்தார். நகம் தடுக்கியது. முடி இல்லை. இன்றைக்கா, வருஷத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருக்கும்போது இன்றைக்கேவா என்று கண்ணாடியைத்தான் கேட்டார், சாமியைக் கேட்கவில்லை, சாமியைக் கேட்டால் அது பதில் சொல்லிவிடுமோ என்று பயம்.

ஏனென்றால் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது ஊரான் வீட்டு மாப்பிள்ளை இல்லை. நாளைக் காலையில் அவருடைய மகள் அபிராமியின் கழுத்தில் தாலி கட்டப்போகிற திருமுருகன். தேனியில் மாட்டாஸ்பத்திரி டாக்டர், நல்ல பையன், பையன் என்று நினைக்கலாமா, நல்ல பிள்ளை, அதுவும் சரியில்லை, நல்லவர். இருபத்திரண்டு வருஷமாகத் திண்டுக்கல்லில் யார் வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு என்றாலும் தெய்வநாயகத்தின் திறந்த கார்தான். கூரை கிடையாது, இரண்டே கதவு, பாலாடை நிறம், யாரோ எஸ்டேட்காரர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மழைக்குப் பயந்து விற்ற வண்டி. ஊரில் அதற்குப் பெயரே மாப்பிள்ளை கார். எத்தனை மாப்பிள்ளைகளைப் பிள்ளையார் கோயிலில் ஏற்றி மண்டபத்தில் இறக்கியிருப்பார், கணக்கில்லை. இன்றைக்கு ஒரு நாள் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள் என்று மரகதம் ஒரு மாதமாகத் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். பொண்ணப் பெத்தவரு டிரைவர் சீட்ல உக்காந்து வந்தா சம்பந்தி வீட்ல என்னங்க நெனைப்பாங்க, பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு மண்டபத்து வாசல்ல நிக்க வேண்டிய மனுசன் நீங்க. இந்தக் கிளட்சு என் காலைத் தவிர வேற காலுக்கு மசியாதுடி என்று சொல்லிவிட்டார். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால் அவருக்கு ஆசை. ஊருக்கெல்லாம் ஓட்டியவன் தன் மகளுக்கு ஓட்ட வேண்டாமா. பட்டு வேட்டியை மடித்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஆசைப்பட்டதற்குத்தான் இது என்று இப்போது கண்ணாடி சொல்லுகிறதோ என்னவோ.

முதல் கியர், அரைக் கிளட்சு. மேளக்காரர்கள் நடக்கிற நடைக்கு வண்டி போகவேண்டும், வேகமாகப் போனால் தவில்காரர் முதுகில் இடிக்கும், நின்றால் இஞ்சின் அணையும், இடது முழங்கால் முக்கால் மணி நேரம் பாதியில் மடங்கியே நிற்கவேண்டும். கல் பட்டிருக்குமோ. கல் எங்கே பட்டது, வண்டி இன்றைக்கு ஷெட்டிலிருந்து கோயிலுக்கு வந்ததோடு சரி. கல் பட்டால் புள்ளி இருக்கும் அண்ணே என்பான் கண்ணாடிக்கடை ஹபிபுல்லா. இது ஓரத்துலேர்ந்து கிளம்புது பாருங்க, கல்லு இல்ல இது, நோவு. அவன்தான் மூன்று கண்ணாடி மாற்றியவன். வண்டியோடு வந்த கண்ணாடி பதினைந்து வருஷம் குத்துக்கல்லாக நின்றது. அது போனபிறகு இவன் வெட்டிப் போட்டது இரண்டு வருஷத்தில் விரிந்தது, அடுத்தது இரண்டு வருஷத்தில். ஒவ்வொரு தடவையும் அதே மூலை, ஒவ்வொரு தடவையும் காரணம் தெரியாது. கூரை வச்ச வண்டின்னா கனத்தக் கூரை வாங்கிக்கும்ணே, இதுல தலைக்கு மேல வானந்தான், முறுக்கு, இழுப்பு, எதுன்னாலும் பாவம் இந்த ஒருத்திதான் வாங்கணும், யாராச்சும் கை வச்சாங்களா என்று கேட்பான். என் வண்டியில எவன்டா கை வைப்பான் என்று இவர் எகிறுவார். மூன்று தடவையும் அவன் கேட்டான், மூன்று தடவையும் இவர் எகிறினார். மரகதத்துக்கு இந்தக் குழப்பமே இல்லை. கண்ணு, அவ்வளவுதான். ஊர்ப்பட்ட சனம் நின்னு பாக்குது, எல்லாக் கண்ணும் எங்க போய் விழும், கண்ணாடியிலதான் விழும்.

கண் என்று சொன்னாலும் பரவாயில்லை. மணப்பாறைச் சம்பந்தம்தான் நெஞ்சில் முள். மூன்று வருஷத்துக்கு முந்தி ஆவணியில் அபிராமிக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. காலையில் ஷெட்டைத் திறக்கிறார், நின்ற வண்டியில் கண்ணாடி கீழிருந்து மேல்வரை ஓடியிருக்கிறது. மத்தியானம் மணப்பாறையிலிருந்து போன். ஜாதகத்தை இன்னொருத்தரிடம் காட்டினோம், அவர் வேண்டாம் என்கிறார். அபிராமி அழவில்லை. சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து அந்த விரிசலின்மேல் விரலை வைத்துக் கீழேயிருந்து மேல்வரை மெதுவாகக் கொண்டுபோனாள். எப்பப்பா விட்டுச்சு இது. காலைலம்மா. அப்படியா என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எந்த வரன் வந்தாலும் வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா. பேங்க்கில் வேலை பார்க்கிற பெண், நாலும் தெரிந்த பெண், ஒரு கண்ணாடியைப் போய் நம்புவாளா என்று அவர் நினைத்துப் பார்த்ததுண்டு, கேட்டதில்லை, கேட்டு ஆமாம் என்றுவிட்டால் என்ன செய்வது. நேற்று மருதாணிக் கையோடு வந்து நின்றாள். அப்பா, கண்ணாடி பத்திரம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இரண்டு தடவை சொன்னாள்.

ரத வீதி திரும்பியது. திரும்பியதும் காற்று. பின்னால் மலைக்கோட்டை, அதன் பாறைமேல் கடைசி வெயில், முன்னால் நாதசுரக்காரர் கல்யாணி எடுத்துவிட்டார், என்ன இருந்தாலும் மனுசன் ஊதுகிறார். மாலையில் சம்பங்கி, பின்சீட்டில் பன்னீர், இஞ்சினிலிருந்து காலுக்கு ஏறுகிற இதமான சூடு, இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் எழுந்து வந்து நிற்கிறார்கள், பாத்திரக்கடை முதலாளி கையைத் தூக்கி என்னய்யா நீயே ஓட்டுறியா என்கிறார், ஆமாம், நான்தான், என் மகளுக்கு நான்தான். அட, சந்தோஷமாக இருக்கிறதே என்று தெய்வநாயகத்துக்கே வெட்கமாகப் போயிற்று. கண்ணெதிரே கீறல் நிற்கிறது, இவருக்குச் சந்தோஷம். ஆனால் வந்துவிட்ட சந்தோஷத்தைப் போ என்று எப்படிச் சொல்வது, அதுபாட்டுக்கு வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது. முழங்கால் வலிகூட இன்றைக்கு நல்ல வலி. போன தை மாதம் பெண்பார்க்க வந்தபோது திருமுருகன் வீட்டுக்குள் வராமல் நேரே ஷெட்டுக்குப் போய் வண்டியைச் சுற்றிவந்து, கதவைத் தொடாமல், தொட்டுப் பார்க்கலாமா மாமா என்று கேட்டான், கேட்டார். அந்தக் கேள்வியிலேயே தெய்வநாயகத்துக்குப் பிடித்துப்போயிற்று. அபிராமிக்கு எதில் பிடித்ததோ, அவள் சொல்லவில்லை, வேண்டாம்ப்பா என்று மட்டும் சொல்லவில்லை, அதுவே போதும் என்று மரகதம் அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள்.

பானட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு இரண்டடி தூரத்தில், குருவம்மாள் நடந்து வருகிறார். மாப்பிள்ளையின் பெரிய அத்தை. நிச்சயத் தட்டில் ஒரு தேங்காய் அழுகல் என்று நிச்சயத்தையே ஒரு மாதம் தள்ளிவைத்த அம்மாள். நல்ல மனுஷிதான், அந்தத் தேங்காய்க்குப் பிறகு இருபது தடவை போன் செய்து தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி என்றவர்தான், ஆனால் கண் இருக்கிறதே, பருந்து. இந்தப் பக்கம் திரும்பாதீங்க அம்மா, மேளத்தைப் பாருங்க, அந்த ஜவுளிக்கடை விளக்கைப் பாருங்க. திரும்பினார். சம்பந்தி, வேர்க்குதே உங்களுக்கு, தண்ணி தரச் சொல்லவா என்றார். வேண்டாம்ங்க, இஞ்சின் சூடு என்று ஸ்டியரிங்கைப் பிடித்த கையை அப்படியே முன்னால் நீட்டி மூலையை மறைத்தார். எவ்வளவு நேரம் மறைப்பது, திரும்பினால் கையும் திரும்புமே. முன்னால் வேகத்தடை. பார்த்தார், பார்த்து மெதுவாக, ஒரு சக்கரம், மறு சக்கரம், பின்சக்கரம், டப் என்று இறங்கியது. குனிந்து பார்த்தார். நாலு விரல். இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு மரகதம் நிற்பாள், முதலில் கண்ணாடியைத்தான் பார்ப்பாள், கற்பூர வெளிச்சத்தில் கீறல் நூலாக மின்னும், அவள் முகம் மாறும், அந்த முகத்தை அபிராமி பார்ப்பாள். அதோடு சரி. தாலி கட்டினாலும், பிள்ளை குட்டி பெற்றாலும், வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்தால்கூட அன்றைக்குக் கண்ணாடி விட்டுச்சே என்று அவள் மனசு எங்கேயோ ஒரு மூலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதுதான் பயம். கல்யாணம் நிற்காது, அது தெரியும். மகள் வாழ்நாள் பூராவும் பயந்துகொண்டு சந்தோஷமாக இருப்பாள், அதுதான் பயம்.

மாமா. பின்னாலிருந்து திருமுருகன். சொல்லுங்க மாப்ள. இந்த ரெண்டாவது மாலை கழுத்த அறுக்குது, முன்னாடி வச்சுக்கிறட்டுமா. பதிலுக்குக் காத்திராமல் எழுந்து சீட்டுக்கு மேலாகக் குனிந்து, ஒரு ஆள் உயர ரோஜா மாலையைக் கண்ணாடிக்கு அடியில் போட்டார். போட்டது சரியாக அந்த மூலையில். அதோடு விடாமல் இரண்டு பூவை இழுத்து மேலே ஏற்றியும் விட்டார். கீறல் போன இடம் தெரியவில்லை. மகராசன். தெரிந்து செய்தானா தெரியாமல் செய்தானா, செய்தாரா, எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பின்னால் இன்னொரு தரம் அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று மிரரைப் பார்த்தால் வானம் தெரிந்தது. மிரர் கோணிக்கிடக்கிறது. சரிதான், எப்போதும் கோணும், மாப்பிள்ளை ஏறினால் மிரர் கோணும், வண்டி கிளம்பியதும் முதலில் அதைத்தான் நிமிர்த்துவார், இன்றைக்குக் கீறலைப் பார்த்ததில் மறந்துவிட்டது. கையை நீட்டி நிமிர்த்தினார். நிமிர்த்திய கை அங்கேயே நின்றது.

மிரர் ஏன் கோணுகிறது. அது எங்கே இருக்கிறது, கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில். சட்டம் ஆடினால்தானே மிரர் ஆடும். பின்சீட்டில் ஏறுகிறவன் முன்சட்டத்தை ஏன் ஆட்டுகிறான். தெரியாது, பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மாப்பிள்ளை ஏறுவதைக்கூட அவர் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் டிரைவர் சீட்டை மடித்துவிட்டு, வண்டிக்கு முன்னால் போய், கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையாரைப் பார்த்துத் தலையில் குட்டித் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருப்பார். பத்திரமாகப் போய்ச் சேரவேண்டுமே என்று. பார்த்தது போட்டோவில்தான். ஷெட்டுச் சுவர் பூராவும் கல்யாண வீட்டார் கொடுத்த போட்டோ, எல்லாம் ஏறுகிற போஸ். மாப்பிள்ளையின் இடது கை சட்டத்தின் மூலையைப் பிடித்திருக்கும், ஒரு கால் அந்தரத்தில், முகத்தில் ஒரு திகில். அந்தத் திகிலைக் கல்யாணப் பயம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார். கல்யாணப் பயமா அது. வலது கால், வலது கால் என்று நாலு அத்தைமார் ஒரே நேரத்தில் கத்துவது போட்டோவில் கேட்குமா. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தும்போது சாமியை வலப்பக்கம் வைத்துத்தான் நிறுத்துவார், ராங் சைடு என்று போலீஸ்காரர் திட்டினாலும் சரி. வலப்பக்கம் சாமி என்றால் மாப்பிள்ளை டிரைவர் கதவு வழியாகத்தான் ஏறவேண்டும். அந்தப் பக்கமிருந்து முன்னால் பார்த்துக்கொண்டு ஏறினால் எவனுக்கும் இடது கால்தான் முதலில் போகும். போன காலைக் கத்தி நிறுத்துகிறார்கள். கூரையில்லாத வண்டியில் அவன் வேறு எதைப் பிடிப்பான். சட்டத்தைப் பிடித்துத் தொங்கி, முழு உடம்பையும் அதிலே போட்டுக் கால் மாற்றுகிறான். அதே மூலை. யாராச்சும் கை வச்சாங்களா அண்ணே. வச்சாங்கடா ஹபிபுல்லா, ஊரே வச்சிருக்கு, நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். வண்டியோடு வந்த கண்ணாடி பதினைந்து வருஷம் தாங்கியதென்றால் அது கெட்டிக் கண்ணாடி, தவிர அப்போதைய மாப்பிள்ளைகள் ஒல்லி.

மணப்பாறை போன் வந்த அன்றைக்கு? அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பழனி ரோட்டில் ஒரு அழைப்பு. அரிசி மண்டிக்காரர் மகன், நூறு கிலோவுக்குக் குறையாது, ஏறும்போது வண்டியே முனகியது, தோப்புக்கரணத்தின் நடுவில் காதில் விழுந்தது. அன்றைக்கே ஓரத்தில் விட்டிருக்கும், ராத்திரிக் குளிரில் ஓடி முடித்திருக்கும். அபிராமியின் தலையெழுத்து இல்லை அது. மண்டிக்காரர் மகனின் கால். தெய்வநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. ஒரு தடியனின் இடது காலுக்காகவா என் பிள்ளை மூன்று வருஷம் பயந்தது. பிள்ளையாரை மரியாதையாக வலப்பக்கம் வைத்தேன், வைத்ததில் வந்த வினையா இது, அவர் கேட்டாரா, இடப்பக்கம் வைத்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பாரா, நாலு தெருவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன. சரி, நாளையிலிருந்து இந்தப் பக்கம் உங்களுக்கு இல்லை சாமி, மன்னிக்கணும். என்ன சம்பந்தி, தனியாச் சிரிக்கிறீங்க என்றார் குருவம்மாள். மக கல்யாணமுங்க, சிரிக்காம என்ன செய்ய என்றார். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபம் வந்தது. இடப்பக்கம் வாசல், வாழைமரம், ஆரத்தித் தட்டோடு மரகதம், அவள் கண் நேரே கண்ணாடிக்குத்தான் போனது, ரோஜா மாலையைப் பார்த்தது, திருப்தியாகத் திரும்பியது. மாடி ஜன்னலில் அபிராமி. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. புருவத்தைத் தூக்கி அப்பாவிடம் கேட்டாள். தெய்வநாயகம் கையை மடக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பொய்யா அது. விட்டிருக்கிறதுதான், ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. நாளைக்குத் தாலி கட்டி முடிந்ததும் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரில் இருக்கிற போட்டோவை எல்லாம் ஒன்றொன்றாகக் காட்டவேண்டும், இந்தக் கையைப் பார், இந்தக் காலைப் பார், கால்தாம்மா, வேற ஒண்ணுமே இல்ல. அவள் அங்கேயே நின்று சிரிப்பாள். இப்போதே சிரித்துவிட்டு ஜன்னலிலிருந்து உள்ளே போனாள்.

இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு, வண்டியைச் சுற்றி இடப்பக்கம் வந்து கதவைத் திறந்து சீட்டை மடித்தார். கண்ணை மூடவில்லை. திருமுருகன் எழுந்தார். கை தானாகக் கண்ணாடிச் சட்டத்துக்குப் போனது, போன வழியிலேயே நின்றது. குனிந்து, மேளச் சத்தத்துக்குள், மாமா, ஏறும்போது டிக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு, அந்த மூலைல விட்ருச்சு, நான்தான் பிடிச்சேன், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழி பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன் என்றார். மாட்டுக்கு ஊசி போடுகிற அந்தப் பெரிய கை இன்னும் சட்டத்தைத் தொடாமல் நின்றது. வழி பூராவும் பின்சீட்டிலும் ஒரு பயம் உட்கார்ந்து வந்திருக்கிறது. தெய்வநாயகம் அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்தார். கண்ணாடி கெடக்கட்டும் மாப்ள. என்னப் பிடிச்சுக்கங்க. திருமுருகன் இடது காலை வெளியே எடுத்தார். வலது கால், வலது கால் என்று குருவம்மாளும் இன்னும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எடுத்த கால் அந்தரத்தில் நின்றது, தோளில் இருந்த கை இறுகியது, ஆளின் மொத்தக் கனமும் தெய்வநாயகத்தின்மேல் வந்து இறங்கியது. எண்பத்தைந்து கிலோ இருக்கும். பாவம், இதையா நீ இத்தனை வருஷம் தாங்கினாய் என்று கண்ணாடியை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மாப்பிள்ளை நிதானமாகக் கால் மாற்றி முடிக்கிறவரை அசையாமல் நின்றார்.